கொட்டாவிக்குப் பத்து மார்க்

கொட்டாவி விட்டுட்டா. ஆரம்பிச்சுட்டாய்யா கழுதை. மூணாம் நம்பர் கட்டிலு, ஹஸீனா, பதினோரு வயசு, கிட்னி ரெண்டும் சுருங்கி நெல்லிக்கா சைஸுக்குப் போயிருச்சு, வாய் மட்டும் வளந்துக்கிட்டே இருக்கு, அந்த வாயத் தொறந்து கடவாப்பல்லு தெரிய எனக்கு நேரா ஒரு கொட்டாவி. நான் பாக்காத மாதிரி கீபோர்டத் தட்டிக்கிட்டு இருக்கேன். பாத்தேன்னு தெரிஞ்சா போச்சு, அடுத்த ஐட்டத்த எறக்கிருவா. இந்த டயாலிசிஸ் வார்டுல கொட்டாவின்னா தூக்கம் இல்ல. ரத்தத்த வெளிய எடுத்து மிஷின்ல கழுவி உள்ள அனுப்புறாய்ங்க, கழுவுறப்ப ஒடம்புல தேங்குன தண்ணியயும் உறிஞ்சுறாய்ங்க, கொஞ்சம் கூடுதலா உறிஞ்சிட்டா பிபி பொத்துனு எறங்கிரும். எறங்குனா மொதல்ல கொட்டாவி, பெறகு மேலுதட்டுல வேர்வை, பெறகு கண்ணு சொருகும், அதுக்கும் பெறகு என்னன்னு நான் நெனக்கிறது இல்ல. இங்க படுத்திருக்க பொடிசுக எல்லாத்துக்கும் இந்த வரிசை மனப்பாடம். வாய்ப்பாடு கேட்டா முழிக்கும், இது தெரியும். தெரிஞ்சத வச்சு என்ன பண்ணுங்க, வெளையாடுங்க. மயக்க ஐட்டம்னு அதுக்குப் பேரு. ஒருத்தி கொட்டாவி விட்டு கண்ணச் சொருகி தலையத் தொங்கப் போடணும், நாலாம் நம்பர் கட்டில் லோகித்து மார்க் போடுவான். ஒம்பது வயசுப் பய, மாத்திரையத் தின்னு தின்னு மூஞ்சி பூசணிக்கா கணக்கா ஊதிக் கெடக்கு, ஜட்ஜு மாதிரி தலையணையில சாஞ்சுக்கிட்டு, "பத்துக்கு நாலு. போன தடவ இதவிட நல்லாச் செத்த" அப்பிடிம்பான். நான் மேடையில இப்பிடி ஒரு ஜோக்கு சொல்லியிருந்தா செருப்பு பறந்து வந்திருக்கும். இங்க அத்தன கட்டில்லயும் சிரிப்பு.

அந்த மேடையெல்லாம் போச்சு. பல்குரல் சிங்கராயன்னா மதுரையச் சுத்தி எந்தத் திருவிழாவுலயும் தெரியும், பாட்டுக்காரம்மா சேலை மாத்திட்டு வர்ற வரைக்கும் கூட்டத்தக் கலையவிடாம ஒப்பேத்துற ஆளு, ரயிலு, நாயிச்சண்ட, பஸ் ஸ்டாண்டு மைக்கு, மாமியா மருமக. இப்ப எல்லாப் பயலும் போன்ல பாத்துக்கிறான். அப்பத்தான் நளாயினி மேடம் இந்த ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுச்சு. அது பாட்டாலேயே நோயாளிக்கு வைத்தியம் பாக்குற படிப்பு படிச்ச பொம்பள, சன்னமாப் பேசும், சேலையில ஒரு மடிப்புக் கலையாது. "உங்களுக்கு ராகம் தெரியலேன்னாலும் பரவால்ல சிங்கராயன், காது இருக்கு. நான் சொல்றத மட்டும் செய்ங்க. பிள்ளை எந்த வேகத்துல மூச்சு விடுதோ அதே வேகத்துல ஆரம்பிங்க. மொதல்ல பொருந்துங்க. அது உங்கள நம்புனப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நீங்க எறக்குங்க, அதுவும் கூடவே எறங்கும், வலி கொறையும், பயம் கொறையும்." பொருந்து, எறக்கு. கோழி பிடிக்கிற வேலைதான். அது நடக்குறாப்புல நடந்து, அது நிக்குறாப்புல நின்னு, லபக்குன்னு. பொருந்துறதுல நான் கெட்டிக்காரன். பொறந்ததுலேர்ந்து அடுத்தவனோட பொருந்தித்தான் சோறு திங்கிறேன். எறக்குறதுதான் வராது, நடுவுல வாய் சும்மா இருக்காது, பிள்ளை கண்ண மூடப் போற நேரத்துல வார்டு நர்சு எஸ்தர் சிஸ்டர் மாதிரி ஒரு தும்மல் போட்டு எழுப்பி விட்ருவேன். மேடம் தலையில அடிச்சுக்கும். அதோட இந்தத் தண்ணி வெவகாரம் வேற. இதுகளுக்கு தண்ணி அளவுதான். நாளைக்கு இம்புட்டுன்னு டம்ளர்ல கோடு போட்டுக் குடுத்திருக்காய்ங்க, நாக்கு வறண்டா ஒரு ஐஸ் கட்டி, அவ்வளவுதான், அதுக்கு மேல குடிச்சா நெஞ்சுல நீர் கோத்துக்கும். அதனால இதுக எங்கிட்ட பாட்டுக் கேக்காதுக. "அங்கிள், பன்னீர் சோடா ஒடைங்க"ம்பாய்ங்க. நான் நாக்க அண்ணத்துல ஒட்டி ட்டொக்குனு ஒடச்சு, ஸ்ஸ்ஸ்னு கேஸு விட்டு, டம்ளர்ல களக் களக்குன்னு ஊத்துவேன். எல்லாக் கட்டில்லயும் ஒரே நேரத்துல எச்சி முழுங்குற சத்தம் கேக்கும். மேடம் அத ஒருநாள் பாத்துட்டு மூஞ்சி செத்துப்போய், "இனிமே தண்ணி சத்தம் கூடாது, இது சித்திரவதை" அப்பிடின்னுச்சு. பொடிசுக கேட்டா தானே. மேடம் மாடி வார்டுக்குப் போன ஒடனே ஹஸீனா கண்ணக் காட்டுவா, கொழாயத் தொறங்கங்குற மாதிரி. இன்னிக்கும் மேடம் மாடியிலதான் இருக்கு. வந்த ஒடனே ரெண்டு சோடா ஒடச்சாச்சு.

ரெண்டாவது கொட்டாவி. இது கொஞ்சம் சின்னது. அடிப் பாவி, ரெண்டாவது கொட்டாவிய சின்னதா விடணும்னு நான்தானடி சொல்லிக் குடுத்தேன். மொத கொட்டாவி பெருசா இருந்தா ரெண்டாவத முழுங்கு, ஜனம் அப்பத்தான் நம்பும், மூக்கு மட்டும் விரியட்டும், நாக்க வெளிய போடாத, அது சினிமாச் சாவு, வாயோரம் லேசாத் தொறந்து விடு, கைய விறைக்காத, கனமா விடு, ஈரத்துணி கணக்கா. எம்புட்டுப் பாடம். எந்தக் கிறுக்கனாவது ஒரு பிள்ளைக்கு மயக்கம் வர்றத மெருகேத்திக் குடுப்பானா. நான் குடுத்தேன். அவ என்னையவிட நல்லாப் பண்றாளேன்னு பெருமையா வேற இருந்துச்சு, எனக்கு வாரிசு இல்லாத கொறை தீந்துச்சுன்னு நெனச்சேன். போன தடவ நானே ஏமாந்தேன். தல தொங்கிருச்சு, கை கட்டில விட்டுத் தொங்குது, நான் ஸ்டூலத் தள்ளிட்டு எந்திரிச்சு சிஸ்டர் சிஸ்டர்னு கத்துன கத்துல எஸ்தர் சிஸ்டர் ஓடி வந்து ட்ரேயக் கவுத்து, ஊசி பஞ்சு எல்லாம் தரையில, அந்தப் பக்கத்துல ஊசி ஏத்திக்கிட்டிருந்த ஒரு குட்டிப் பிள்ளைக்கு கை ஆடி ரத்தம் வேற பீச்சிருச்சு. இவ ஒத்தக் கண்ணத் தொறந்து, டொய்ங்குனு ஒரு சத்தம் குடுக்குறா. பத்துக்கு ஒம்பதுங்குறான் லோகித்து. எஸ்தர் சிஸ்டருக்கு ஊரு நாகர்கோவில் பக்கம், கோவம் வந்தா ஊருப் பேச்சு வந்துரும். "ஓய் சிங்கராயரே, இது என்ன நாடகக் கொட்டகையா? நீரு கூப்பிட்டீருன்னு நான் ஓடி வந்து, இங்க ஒரு பிள்ளைக்க கையி போயிருந்தா யாரு பதில் சொல்லுது? இன்னொரு தடவ இப்பிடி வெறுங்கூப்பாடு போட்டீருன்னா, வார்டுக்குள்ள கால வைக்க விடமாட்டேன், பாத்துக்கிடும்." அது சொன்னா சொன்னதுதான். அதனாலதான் இப்ப வாய மூடிக்கிட்டு வாசிக்கிறேன். கூப்பிட்டு, இது நடிப்பா இருந்துச்சுன்னா நான் வெளிய. கூப்பிடாம, இது நெசமா இருந்துச்சுன்னா. இருக்காது. இருக்காதுடா சிங்கு. பாரு, உதட்டோரத்துல சிரிப்பு இருக்கு. இருக்கா? வாயோரம் லேசாத் தொறந்திருக்கு. அது சிரிப்பா, நான் சொல்லிக் குடுத்த தொறப்பா.

சரி, ஒரு டெஸ்ட் வைப்போம். வேணும்னே ஒரு பிசிறு சுரம் விடுறேன், கழுத கனைச்ச மாதிரி. எப்பவும் இதுக்கு மூக்கால ஃபுர்ருன்னு ஒரு சத்தம் விடுவா, "அங்கிள் உங்க கீபோர்டுக்கும் கிட்னி போயிருச்சா"ம்பா. விட்டேன். ஒண்ணும் இல்ல. ஃபுர்ரு இல்ல. ஆமா, என்ன நடந்தாலும் ஐட்டத்துலேர்ந்து வெளிய வராதன்னு சொன்னதும் நான்தான். சே. மிஷினப் பாப்போம். சக்கரம் கிர்ர்டக் கிர்ர்டக்னு அது பாட்டுக்குச் சுத்துது, ரத்தம் கண்ணாடிக் கொழாயில அரக்குக் கலர்ல போய்க்கிட்டு இருக்கு, பச்ச லைட்டு, எல்லாம் சரியாத்தான் இருக்கு. பிபி எவ்வளவுன்னு பெட்டியில எழுதியிருக்கு, நல்ல நம்பர்தான், ஆனா அது முன்னாடி எடுத்தது, கையில சுத்துன பட்டை அது நேரம் வந்தாத்தான் அடுத்து ஊதும், அதுவரைக்கும் பழைய நம்பரத்தான் காட்டிக்கிட்டு நிக்கும், செத்தவன் வீட்டு வாசல்ல இருக்க பேரு பலகை மாதிரி. ஏன்டா இப்ப அந்த உவமை உனக்கு. மேலுதடு. மேலுதட்டுல முத்து முத்தா நிக்குது. வேர்வை. வேர்வைய நடிக்க முடியாது, எந்தப் பெரிய நடிகனாலயும் முடியாது, சிஸ்டரக் கூப்புடுடா சிங்கு. "அவ ஐஸ் தடவிருக்கா அங்கிள்." லோகித்து. பூசணிக்கா மூஞ்சிய என் பக்கம் திருப்பி, ரகசியம் சொல்ற மாதிரி, "நான் பாத்தேன், ஐஸ் கட்டிய முழுங்காம வச்சிருந்து ஒதட்டுல தேச்சா. ஏமாந்துறாதீங்க. இன்னிக்கு பத்து வாங்கணும்னு இருக்கா." "நெசமாவாடா?" "அம்மா சத்தியமா." இவனுக்கு ஒரு நாளைக்கு நாலு அம்மா சத்தியம். போன மாசம் எஸ்தர் சிஸ்டருக்குக் கல்யாணம், நளாயினி மேடத்துக்கு செயற்கைக் காலுன்னு சொன்னவன். ஆனா ஐஸ் குடுத்தாய்ங்க, அது வாஸ்தவம், நானே பாத்தேன், அவ வாங்குனா. அவ ஐஸ முழுங்காம தேச்சிருப்பாளா, தாகத்துல தவிக்கிற பிள்ளை, ஒரு ஐஸ் கட்டிக்கு ஒரு நாளு முழுக்க காத்துக்கெடக்குற பிள்ளை, அத ஒதட்டுல தேச்சு வீணாக்குவாளா. பத்து மார்க்குக்காக. தேப்பா. இவ தேப்பா. எங்கிட்டயிருந்து கைத்தட்டு வாங்க இவ ரத்தத்தையே தேப்பா. நான் மட்டும் என்னவாம். ஜனம் சிரிக்குதுன்னா காய்ச்சலோட மேடையேறி நாய் மாதிரி ஊளையிட்டவன்தானே.

எஸ்தர் சிஸ்டர் கதவோரக் கட்டில்ல இருக்கு. புதுசா ஒரு பொடிசு வந்திருக்கு, கத்துது, ஊசி ஏத்துறாங்க, கையுறை போட்ட கைய எதுலயும் படாம தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, முதுகு இங்கிட்டு. அந்த டெக்னீசியன் பய டீக்குப் போயிட்டான். ஹஸீனாவோட அம்மா வராண்டா பெஞ்சுல தூங்குது, பாவம், விடியக் கருக்கல்ல பஸ் ஏறி வந்த பொம்பள, உள்ள விடமாட்டாய்ங்க. போறப்ப எங்கிட்ட, "பாத்துக்கங்கண்ணே, நீங்க இருந்தா அவ அழ மாட்டா" அப்பிடின்னுட்டுப் போச்சு. அழல. ஆமா, அழல. தாளம் நல்லாத்தான் போய்க்கிட்டு இருக்கு. வந்தப்ப அவ மூச்சு வேகமா இருந்துச்சு, ஊசி குத்துன வேகம், நான் அதே வேகத்துல ஆரம்பிச்சேன், டிங் டிங் டிங் டிங், பெறகு கொஞ்சம் எறக்குனேன், கூட வந்தா, இன்னும் எறக்குனேன், கூட வந்தா. இம்புட்டு நாள்ல இன்னிக்குத்தான் எறக்குறது கைக்கு வந்திருக்கு. மேடம் மட்டும் பாத்துச்சுன்னா, சிங்கராயன் இதான், இதேதான்னு சொல்லும். மெதுவா. இன்னும் மெதுவா. வீட்டுல பாக்கியம் சொல்லுவா, ஒங்களுக்கு மெதுவாங்குறதே தெரியாதுன்னு. போன் பண்ணி நான்தான் பேசுறேன்னு சொன்னா, "நான்னா யாரு"ம்பா. கட்டுன பொண்டாட்டி. கல்யாணமான புதுசுல போன்ல அவ அப்பா குரல்ல பேசி வெளையாடுனேன், ஊர்ப் பஞ்சாயத்துக்காரன் குரல்ல பேசுனேன், கேஸ் சிலிண்டர்க்காரன் குரல்ல பேசுனேன், இப்ப நெசமா நான் பேசுனாலும் கொஞ்ச நேரம் சும்மா இருந்து, யாருன்னு தெரியட்டும்னு காத்திருக்கா. ஒரு தடவ வண்டியில விழுந்து காலு ஒடஞ்சு ரோட்டுல கெடந்துக்கிட்டு போன் போட்டேன். நல்லா இருக்கு, இது யாரு குரலுன்னுட்டு வச்சுட்டா. அத ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சேன். காலுல கம்பி வச்சுக்கிட்டு சிரிச்சேன். ஏன் இப்ப அது ஞாபகம் வருது. கை மெதுவாகிக்கிட்டே போகுது. டிங். டிங். பூராவும் சன்னமா, இதுக்கு மேல மெதுவா வாசிச்சா அது பாட்டே இல்ல, கொழா சொட்டுற மாதிரி இருக்கு. இவ்வளவு எறக்கணும்னு நான் எப்ப நெனச்சேன்.

நான் நெனக்கலையே. இரு. இருடா. நான் எறக்கல. ஒரு இடத்துல நிறுத்திப் பிடிப்போம்னுதான் இருந்தேன், தூங்குற பிள்ளை மூச்சு எங்க நிக்குமோ அங்க, மேடம் காட்டுன அளவுல. அதத் தாண்டி எப்ப வந்தேன். யாரு என்னையக் கூட்டிட்டு வந்தா. அவ மூச்சு எறங்க எறங்க என் கை அது பின்னாடியே போயிருக்கு. பொருந்துற கை. வேற எதுவும் தெரியாத கை. நான் கோழி பிடிக்கிறேன்னு நெனச்சு நடந்துக்கிட்டு இருக்கேன், கோழி என்னையக் கூட்டிக்கிட்டு கெணத்துக்குள்ள எறங்குது. டெஸ்ட்டு. கடைசி டெஸ்ட்டு. கைய நிறுத்தி, பழைய வேகத்துல வாசி. டிங் டிங் டிங். வா. வாத்தா. கூட வாடி. வரல. அவ அங்க கீழயே இருக்கா. ஒரு மூச்சு உள்ள போகுது, வெளிய வர மாட்டேங்குது, வருது, பெறகு அடுத்தது எப்பன்னு நான் பாத்துக்கிட்டே. நான் அதே மாதிரி மூச்சு விட்டுப் பாக்குறேன். அவளாட்டமே. நெஞ்சுக்கூட்ட அசைக்காம, வயித்த மட்டும், ஒண்ணு விட்டு, நிறுத்தி, ஒண்ணு விட்டு. எனக்கு முட்டுது. என் நெஞ்சு தானா இழுக்குது, நிறுத்த முடியல, நான், இம்புட்டு வருசமா மூச்சப் பிடிச்சு ரயிலு ஓட்டுன நானு. என்னால முடியாதத இவ நடிக்கிறான்னா. "ஹஸீனா." இல்ல. "ஏத்தா, சோடா வேணுமா." இல்ல. கையத் தொட்டேன். ஈரத்துணி. நான் சொன்ன ஈரத்துணிதான், ஆனா சில்லுனு இருக்கு, சில்லுனு இருக்கணும்னு நான் சொல்லலையே, அத யாரும் சொல்லிக் குடுக்க முடியாதே. "சிஸ்டர்" அப்பிடின்னேன். சத்தமா வரல. "சிஸ்டர், எஸ்தர் சிஸ்டர், மூணாம் நம்பரு, பிள்ளை மூச்சு, வாங்க, சிஸ்டர்." அது திரும்பல. முதுகு மட்டும் பேசுது. "போதும் ஓய். இன்னிக்கு இது யாருக்க குரலு? நல்லா பயந்தவன் கணக்கா இருக்கு." லோகித்து கைத்தட்டுறான். "அங்கிளுக்கு எட்டு மார்க்." சுத்தி எல்லாக் கட்டில்லயும் சிரிப்பு, அந்த ஊசி ஏத்துற பொடிசுகூட அழுகைய நிறுத்திட்டு என்னையப் பாக்குது. "நெசமாத்தான் சிஸ்டர், சத்தியமா, நான்தான் பேசுறேன்." "நான்னா யாரு ஓய்" அப்பிடின்னுச்சு எஸ்தர் சிஸ்டர். அதுக்கு என் பொண்டாட்டியத் தெரியாது. எப்பிடித்தான் ஒரே கேள்வியோ.

இந்த வார்டு டாக்டர் குமரகுரு சத்தம் போடவே மாட்டாரு. எல்லார் மாதிரியும் பண்ணியிருக்கேன், அவர மட்டும் இங்க பண்ணதில்ல, பிள்ளைக கேக்காதுக, அதுகளுக்கு அந்தக் குரலு பிடிக்காது, இன்னும் கொஞ்ச வருசத்துக்குத்தான்னு அம்மாமார்கிட்ட சொல்ற குரலு அது. மொதல்ல தொண்டையக் கனைப்பாரு, சின்னதா, பேப்பரக் கிழிக்கிற மாதிரி. பெறகு மூக்கு வழியா ஒரு சன்னமான பேச்சு, யாரையும் அவசரப்படுத்தாத பேச்சு, அதக் கேட்டா அம்புட்டுப் பேரும் ஓடுவாய்ங்க. நான் அவர மாதிரி முகத்த வச்சேன். அவர் இங்க இல்ல, இருக்காருன்னு நெனச்சுக்கிட்டேன். கனைச்சேன். "சிஸ்டர். மூணாம் நம்பர் பிபி என்ன." அவ்வளவுதான். அவ்வளவு மெதுவா. எஸ்தர் சிஸ்டர் திரும்புறதுக்கு முன்னாடி காலு ஓடி வந்துருச்சு. இங்க வந்து நின்னுதான் டாக்டரத் தேடுது, என்னையப் பாக்குது, அது கண்ணுல ஒரு கொலை தெரிஞ்சுச்சு, அடுத்து பிள்ளையப் பாத்துச்சு. கொலை போயிருச்சு. கட்டில தலப்பக்கம் எறக்கி காலத் தூக்கிவிட்டு, தண்ணி உறிஞ்சுறத நிறுத்தி, மேல தொங்குன பாட்டில்ல கிளிப்ப விட்டுச்சு, சலைன் சரசரன்னு எறங்குது. கன்னத்துல தட்டுது. "மக்களே, கண்ணத் தொற. மக்களே, இங்க பாரு." பட்டை ஊதுச்சு. பெட்டியில புது நம்பர் வந்துச்சு. எனக்கு அந்த நம்பரோட அர்த்தம் தெரியாது, எஸ்தர் சிஸ்டர் "ஏசுவே"ன்னு வாய்க்குள்ள சொன்னது கேட்டுச்சு. லோகித்து மட்டும், "அவ ஐஸ் தடவிருந்தா"ங்குறான், யாருகிட்டயும் இல்லாம. பெறகு, "தடவலையோ"ங்குறான்.

நெசமான டாக்டர் வந்தப்ப அவ கண்ணத் தொறந்துட்டா. ஒதட்டுல கொஞ்சம் கலர் வந்திருக்கு. அவர் கையப் பிடிச்சுப் பாத்தாரு, மிஷினப் பாத்தாரு, தலையாட்டுனாரு, தப்பிச்சிருச்சுங்குற ஆட்டம்தான் அது. எஸ்தர் சிஸ்டர் நடந்ததச் சொல்லுச்சு. மறைக்கல. நல்ல பொம்பள, மறைக்கத் தெரியாது. அவர் என் பக்கம் திரும்பி, கனைச்சாரு, நான் பண்ணதவிட கொஞ்சம் ஈரமா இருக்கு, அது எனக்கு வராம போச்சேன்னு இந்த நேரத்துலயும் நெனக்குது புத்தி. "பிள்ளைய காப்பாத்தியிருக்கீங்க. ஒத்துக்கறேன். ஆனா என் குரல்ல ஒருத்தர் இங்க ஆர்டர் போடலாம்னா, நாளைக்கு நான் கூப்பிடும்போது இவங்க திரும்பிப் பாத்து யோசிப்பாங்க. அது ஆகாது. நீங்க இனிமே வர வேண்டாம்." சன்னமா, சேதி சொல்ற மாதிரி. அதுல தப்பே இல்ல. எந்தக் குரல்ல பதில் சொல்றது. சரிங்க சார்னேன். அவர் போயிட்டாரு. நான் கீபோர்டப் பையில வைக்கிறேன், ஜிப்பு மாட்டிக்கிச்சு. குனிஞ்ச வாக்குல அவகிட்ட கேட்டேன், "ஏத்தா, எது வரைக்கும் நடிச்ச?" அவளுக்குப் பேச்சு மெல்லத்தான் வருது. "மொதக் கொட்டாவி நடிப்பு அங்கிள். ரெண்டாவது தானா வந்துச்சு." மேல தொங்குற பாட்டிலப் பாத்துக்கிட்டே சொல்றா. "உங்களக் கூப்பிடணும்னு நெனச்சேன், நாக்கு வரல. எல்லாம் கேட்டுச்சு. நீங்க ரொம்ப நேரம் வாசிச்சீங்க." கோவமாச் சொல்லியிருந்தா தேவல. மழை பெஞ்சுச்சுங்குற மாதிரி சொல்றா.

லோகித்து எந்திரிச்சு ஒக்காந்து, "சிஸ்டர், சிஸ்டர்"னு என்னைய மாதிரி கத்திக் காட்டுறான், பயம் தெளிஞ்சிருச்சு பயலுக்கு, மத்த கட்டில்ல ஒண்ணு ரெண்டு சிரிக்குது. "அப்பிடி இல்லடா" அப்பிடின்னா இவ, தலையணையிலேர்ந்து தலையத் தூக்க முடியல, படுத்தவாக்குலயே, "சிஸ்டர்" அப்பிடின்னா. ஒரே தடவ. நடுவுல ஒரு கீறலு, கடைசியில காத்து மட்டும். எல்லாம் கெக்கேபிக்கேன்னு சிரிக்குதுக. என் குரலு அது. இம்புட்டு வருசத்துல யாரும் என்னையப் பண்ணிக் காட்டுனதில்ல, இப்பிடியாடா இருக்கும், தகரத்துல ஆணி கீறுன மாதிரி. "போறதுக்கு முன்னாடி ஒரு சோடா அங்கிள்"ங்குறா, "தொண்ட காயுது." பாட்டில்ல உள்ள தண்ணி அம்புட்டும் அவ ஒடம்புக்குள்ள போயிருக்கு, ஒரு சொட்டு வாயில பட்டிருக்காது. சரி, கடைசி சோடா. நாக்க அண்ணத்துல வச்சேன். ஒட்டல. வாயி காஞ்சு சுண்ணாம்பாக் கெடக்கு, எச்சி இல்லாம எப்பிடி சோடா ஒடைக்கிறது. பொஸ்ஸுனு ஒரு காத்து வந்துச்சு. "பத்துக்கு ரெண்டு"ங்குறான் லோகித்து. திரும்பப் பண்ணுனேன். பொஸ்ஸு. அவ என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா, பெறகு போனாப் போகுதுங்குற மாதிரி கண்ண எடுத்துட்டா. வாசல்ல எஸ்தர் சிஸ்டர் கையுறையக் கழட்டிப் போட்டுட்டு கொழாயத் தொறந்து கை கழுவுது, தண்ணி தொட்டியில விழுந்து சளசளன்னு, நெசத் தண்ணி, அத்தன பொடிசும் கழுத்தத் திருப்பி அங்கிட்டுத்தான் பாக்குதுக. பையத் தோள்ல மாட்டிக்கிட்டு நான் திரும்புனேன். ஹஸீனா என்னையப் பாத்து, கடவாப்பல்லு தெரிய, அகலமா ஒரு கொட்டாவி விட்டா. நான் நின்னுட்டேன். அவ மேலுதட்டப் பாக்குறேன், பெட்டியப் பாக்குறேன், பழைய நம்பர் நிக்குது, எஸ்தர் சிஸ்டரக் கூப்பிட வாயத் தொறக்குறேன், தண்ணி சத்தத்துல அதுக்கு எதுவும் கேக்காது. லோகித்து மட்டும் இங்கிட்டுப் பாத்து, "பத்துக்குப் பத்து"ங்குறான்.